சஃபர்பாய் போட்டு வந்த நாலு அங்கி

ஜுல்ஹுமார் டீச்சரைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். குறை சொல்வதென்றால் நான் சொல்வேன், அது வேறு. இருபத்தோரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நான் ரொட்டி சுடுகிறேன். யார் எப்படி என்று எனக்குத் தெரியாதா?

அவளுடைய வேலை தையல் சொல்லிக் கொடுப்பது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை பெண் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கவும் அங்கி வெட்டவும் சொல்லித் தருவாள். பள்ளிக்கூடத்தில் இடம் இல்லாததால் பூகோளப் படங்களையெல்லாம் அவள் அலமாரியில்தான் போட்டு வைத்திருந்தார்கள். பத்து வருஷம் நூல்கண்டு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படங்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து, எந்த ஆறு எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஆனால் நாற்பத்தொரு வயது வரை கம்சிக் கணவாயைத் தாண்டியதில்லை. ஃபெர்கானா பள்ளத்தாக்குக்கு வெளியே ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கணவர் பருத்தி ஆலையில், மூன்று பையன்கள், இரண்டு பசு. எங்கே போவாள்?

பூகோள வாத்தியார் தன் மகளோடு இருக்கப் போகிறேன் என்று தாஷ்கண்டுக்குக் கிளம்பியபோது, புது ஆள் வரும் வரை நீ பார்த்துக்கொள் என்று இவளிடம் ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், முகம் தந்தூர் அடுப்பு மாதிரி ஜொலிக்க ஆரம்பித்துவிட்டது. நடையே மாறிப்போயிற்று.

அதைப் பொறுக்காதவர் துணைத் தலைமையாசிரியர் மஹ்காம்.

"ஊசி நூல் பிடிச்ச கைக்கு உலகப் படம் எதுக்கும்மா? மார்ச்சுல திறந்த பாடம் வைக்கிறேன். மாவட்டத்துலேருந்து ஆள் வருவாங்க. அவங்க முன்னாடி பசங்க தேறினா பூகோளம் உங்களுக்கு. இல்லேன்னா பேசாம தையலுக்குப் போயிடணும்" என்றார்.

திறந்த பாடம் என்றால் சும்மா இல்லை. பின்வரிசையில் அதிகாரிகளும் மற்ற வாத்தியார்களும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, வாத்தியார் பாடம் நடத்துவதை வெட்டி வெட்டி எழுதுவார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கே அன்றைக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

அப்போதுதான் சஃபர்பாய் பிறந்தான். சஃபர் என்றால் பயணம். ஒரு சாண் உயரத்தில் கெட்டி அட்டையில் வெட்டிய ஆள். தலையில் எங்கள் ஊர்க் கறுப்புக் குல்லா, நாலு பக்கமும் மிளகாய் வடிவத்தில் வெள்ளைப் பூவேலை போட்டது. முதுகில் கட்டம் கட்டமாகக் கோடு. டாக்சி ஓட்டுகிறவர்கள் கையில் அவன் ஊர் ஊராகப் போவான். எந்த வீட்டில் தங்குகிறானோ அந்த வீட்டுக்காரர் முதுகில் ஒரு கட்டத்தில் துப்பு எழுத வேண்டும். ஊர்ப் பெயர் மட்டும் வரக்கூடாது. என்ன தண்ணீர், என்ன விளைச்சல், எந்தப் பக்கத்துக் காற்று என்று எழுதலாம். திறந்த பாடத்து அன்றைக்கு அவன் திரும்பி வருவான், அதிகாரிகள் எதிரிலேயே பிள்ளைகள் துப்பைப் படித்துப் படத்தில் ஊசி குத்துவார்கள். இதுதான் அவள் திட்டம்.

முதல் டாக்சி என் தம்பி தோஹிருடையது.

"அக்கா, ஆளையே ஏத்த இடமில்ல, அட்டையை ஏத்தச் சொல்றியா?" என்றான்.

"டேய், டிக்கெட்டும் கேக்க மாட்டான், ஜன்னல் சீட்டும் கேக்க மாட்டான். வாயை மூடிக்கிட்டுக் கொண்டு போடா" என்றேன்.

கிளம்பும் நேரத்தில் ஆய்ஜமால் என்கிற பெண் குறுக்கே வந்து நின்றாள். மாட்டு வண்டியிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று போனவள், வாய் மட்டும் போகவில்லை. "டீச்சர், ரொட்டி கடிக்காம எப்படிப் போவான்?"

நியாயம்தானே? வீட்டை விட்டுத் தூரம் போகிறவர் ஒரு ரொட்டியில் ஒரு கடி கடிக்க வேண்டும். மீதியைச் சுவரில் மாட்டிவிடுவோம். போனவர் திரும்பி வந்து அதைத் தின்று தீர்க்கும் வரை யாரும் தொட மாட்டார்கள். அட்டைக்கு ஏது பல்? அவனுக்குப் பதிலாக ஆய்ஜமாலே கடித்தாள். நடுவில் ஒரு பல் இல்லாத கடி. என் ரொட்டி, அன்று காலை சுட்டது. பூகோளப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினோம்.

மறுநாள் மஹ்காம் வந்து பார்த்தார். "இது வகுப்பா, அடுப்படியா? எலி வரும். எடுங்க அதை."

"எடுக்கலாம் சார். நீங்களே எடுங்க" என்றேன் நான், வாசலில் நின்றபடி.

கை பாதி தூரம் போயிற்று, கீழே இறங்கிவிட்டது. பயணம் போனவனின் ரொட்டியை எடுத்தவன் என்ற பெயரை எங்கள் ஊரில் யார் சுமப்பார்கள்? அவர் மகன் ராணுவத்துக்குப் போயிருந்தபோது அவர் வீட்டிலும் ஒன்று தொங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு வாரம். சமர்கண்டுக்குப் போனான் என்று ஒரு போன். புகாராவுக்குப் போனான் என்று இன்னொன்று, பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லவில்லை. அப்புறம் ஒன்றும் இல்லை. ஜுல்ஹுமார் தினமும் டாக்சி நிலையம் வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அது அவளுக்குச் சுற்று வழி. பிள்ளைகள் ரொட்டியைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

திறந்த பாடம் பத்து மணிக்கு. எட்டேமுக்காலுக்குத் தோஹிர் சமையலறைக்குள் ஓடி வந்தான். முந்தின நாள் தாஷ்கண்ட் ரயிலடியில் அவன் கையில் கிடைத்த பொட்டலம். கூப்பிட்டனுப்பியதும் வந்த ஜுல்ஹுமார் அதை என் மாவுப் பலகை மேல் வைத்துப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது எங்கள் சஃபர்பாயா? போகும்போது ஒல்லியாகப் போனவன், திரும்பி வரும்போது விருந்துக்கு வளர்த்த கிடா மாதிரி உருண்டு வந்திருந்தான். அங்கிக்கு மேல் அங்கி, மேல் அங்கி, மேல் அங்கி. தலையில் குல்லாவுக்கு மேல் செம்மறித் தோல் தொப்பி.

நடந்தது என்ன என்று எனக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறும் தோளோடு அனுப்புவோமா? சமர்கண்ட்காரர் துப்பு எழுதினார், எழுதிவிட்டு மரியாதைக்கு ஒரு குட்டி அங்கி தைத்துப் போட்டார். அடுத்த வீட்டுக்காரர் பார்த்தார். ஓகோ, இதுதான் முறை போலிருக்கிறது, நாம் மட்டும் இளைத்தவர்களா என்று அதற்கு மேல் ஒன்று. எழுத வேண்டிய முதுகு நாலு மடிப்புத் துணிக்கு அடியில் போய்விட்டது.

ஜுல்ஹுமார் கத்தரியை எடுத்து ஓர் ஓரத்தைத் தூக்கி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். "ஒரே ஒரு கட்டத்துலதான் எழுதியிருக்கு, ஹாஸியத்தக்கா. மத்ததெல்லாம் காலி." மாவு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "முடிஞ்சுது. துப்பே இல்லாம எதை வச்சுப் பாடம் நடத்துறது? நாளையிலேருந்து பொத்தான் தைக்க வேண்டியதுதான்."

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கோ ஆத்திரம். "அழுறதை அப்புறமா வச்சுக்கோ. மாவுல உப்பு ஏற்கெனவே போட்டாச்சு. முகத்தைக் கழுவிக்கிட்டு வகுப்புக்குப் போ. விருந்தாளி வந்திருக்கான், பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

நானும் பின்னாலேயே போனேன். ரொட்டித் தட்டோடு போனால் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பின்வரிசையில் மாவட்டத்து அம்மாள், கண்ணாடி போட்டவர். பக்கத்தில் மஹ்காம், முழங்கால் மேல் நோட்டு. ஜுல்ஹுமார் சஃபர்பாயை மேசை மேல் வைத்தாள். பிள்ளைகள் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள்.

"சஃபர்பாய் வந்துட்டான். ஆனா துப்பு..." என்று இழுத்தாள்.

ஆய்ஜமால் எழுந்து மேசைக்கே போய்விட்டாள். அவனைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். "டீச்சர், வெங்காயம் மாதிரி. மேல இருக்கறதுதானே கடைசியாப் போட்டது? அப்போ மேலேருந்து உரிச்சுக்கிட்டே போனா, வந்த வழியிலேயே திரும்பிப் போகலாம்ல?"

ஜுல்ஹுமார் அவளைப் பார்த்தாள். பிறகு அங்கிகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கண்டேன். தையல்காரியின் கண் துணி மேல் விழுந்துவிட்டது.

"உரி" என்றாள்.

மேலே இருந்தது கறுப்பு அங்கி, எங்கள் பள்ளத்தாக்கு நிறம். தையல் கோணல் மாணல், ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"இது நம்ம ஊருதான். ஆனா தச்சவருக்குக் கண்ணு தெரியாது போல!" என்றாள் ஆய்ஜமால்.

வாசலில் நின்ற தோஹிர் பீட்ரூட் மாதிரி சிவந்தான். "எல்லாரும் போட்டிருந்தாங்க. நான் மட்டும் போடலேன்னா நல்லாவா இருக்கும்? என் கோட்டு உள் துணியைக் கிழிச்சு ரயிலடியிலேயே தச்சேன்" என்று முனகினான். மாவட்டத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதற்குக் கீழே இடுப்புக் கச்சையாக மீன் வலைத் துண்டு. அதில் ஒரு சிப்பி கட்டியிருந்தது. வகுப்பு யோசித்தது. நம் நாட்டில் கடல் எங்கே இருக்கிறது?

"முயனாக்!" என்றான் ஒரு பையன். "கடல் இருந்த ஊரு. இப்போ கப்பல் மணல்ல நிக்குது."

மஹ்காம் விடவில்லை. "சிப்பி எந்தக் கடல்லேருந்து வேணா வரலாமே?"

"நீங்க சொல்றது சரி சார்" என்றாள் ஆய்ஜமால். "ஆனா வலை முடிச்சுக்குள்ள மண்ணு இருக்கு. நக்கிப் பாத்தேன். உப்பு. தண்ணி வத்திப்போன கடலோட தரை அது."

"கடல் ஏன் வத்திச்சு?" என்று கேட்டார் மாவட்டத்து அம்மாள்.

பன்னிரண்டு கை மேலே போயிற்று. ஆமு ஆற்றைப் பருத்தி வயல்கள் குடித்த கதையைப் பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிப் பிடுங்கிச் சொன்னார்கள். பருத்தி எடுத்த கைகள்தான் எங்கள் எல்லாருடையதும்.

அடுத்த அங்கி செம்பழுப்பு, மெல்லிய கோடு. தையல் அவ்வளவு நெருக்கம், விரல் நகம் நுழையாது. ஜுல்ஹுமாரின் குரல் இப்போது அவளுடைய குரலாகிவிட்டது. "இவ்வளவு நெருக்கி ஏன் தைக்கிறாங்க? தையல் வகுப்புல சொன்னேனே?"

"காத்து புகாம இருக்க! சுத்திலும் பாலைவனம், குளிர்காலத்துல எலும்பு வரைக்கும் வெட்டும். உர்கெஞ்ச், டீச்சர்! அந்தத் தோல் தொப்பியும் அங்கதான்!" என்றாள் ஒரு பெண்.

அடுத்தது வெல்வெட்டு, தங்க நூல் பூ. பின்பெஞ்சுப் பையன்கூட "புகாரா" என்றுவிட்டான். கடைசியாகப் பளபளவென்று பல வண்ணக் கோடு போட்ட பட்டு. "சமர்கண்ட்!" என்று பாதிப் பேர், "தெர்மெஸ்!" என்று மீதிப் பேர். சண்டை வந்துவிட்டது.

"முதுகைப் பாருங்க" என்றாள் ஜுல்ஹுமார்.

இருந்த ஒரே துப்பை ஆய்ஜமால் படித்தாள்: 'எங்கள் ஊர் ரொட்டியை ஒரு கையால் தூக்க முடியாது. மாதக் கணக்கில் கெடாது. வேறு ஊரில் இப்படிச் சுட வராது.'

"சமர்கண்ட்!" என்று கூரை இடிந்தது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. வேறு ஊரில் வராதாம். என் ரொட்டி ஆறு வாரமாகச் சுவரில் தொங்குகிறதே, கெட்டா போயிற்று?

ஊசிகள் எல்லாம் படத்தில் ஏறிவிட்டன. வலைக் கச்சைக்குள் மடித்திருந்த சீட்டைக் கடைசியில்தான் கண்டோம். முயனாக்காரர் எழுதியிருந்தார். டீச்சர் உரக்கப் படித்தாள்: 'உங்கள் விருந்தாளிக்கு ஒரு வாரம் விருந்து போட்டோம். ஒரு பருக்கை தொடவில்லை. என் மனைவிக்கு வருத்தம். அடுத்த முறை டீச்சரை அனுப்புங்கள், அவராவது சாப்பிடுவார்.'

மாவட்டத்து அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். ரொட்டியை இறக்கினோம். கல்லாகியிருந்தது. தேநீரில் நனைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன், சஃபர்பாய்க்காக ஆய்ஜமால் இரண்டு தின்றாள். மஹ்காமிடம் தட்டை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார், எடுத்துக்கொண்டார். மென்றுகொண்டே, "செப்டம்பர்ல ஏழாம் வகுப்பையும் சேத்து எடுத்துக்கிறீங்களா? பூகோளந்தான்" என்றார் ஜுல்ஹுமாரிடம். அவள் தலையை ஆட்டினாள். அழுதாள்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் மூடிய மறுநாள், தோஹிரின் டாக்சி வாசலில் நின்றது. முயனாக் போகிற டீச்சருக்கு ஜன்னல் சீட்டு. பசுக்களைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்று காலை நான் சுட்ட ரொட்டியை வகுப்பில் அவள் கையில் கொடுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு துளி கடித்தாள்.

"பெருசாக் கடிங்க டீச்சர்" என்றாள் ஆய்ஜமால். "கணவாய்க்கு அந்தப் பக்கம் போறீங்க."

பெரிதாகக் கடித்தாள். வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தாள். அந்த ரொட்டிக்குப் புது ஆணி வேண்டியிருந்தது. மஹ்காம்தான் சுத்தியல் கொண்டு வந்து அடித்தார்.