பழைய தோட்டத்து நாற்காலி வாங்க வந்தவர்கள்

பழைய தோட்டத்து நாற்காலி விற்கிறவளிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "புதுசா எதுவும் இல்லையா?" என்பதுதான். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பழைய பங்களாக்களை இடிக்கும்போது கிடைக்கும் இரும்பு பெஞ்சு, பிரம்பு ஊஞ்சல், கொடி வேலைப்பாடு செய்த மேஜை எல்லாவற்றையும் வாங்கி, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து விற்கிறேன். பழைய சாமானோடு மல்லுக்கட்டிய யாருக்கும் என் பாடு சொல்லாமலே புரியும். ஆனால் வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது.

துரு

வண்டலூரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். புது வீடு, முன்னால் கொஞ்சம் புல்தரை. நாற்காலியைத் தடவி, விரலை மோந்து பார்த்தார். "பழசு மாதிரி இருக்கணும்மா, ஆனா பழசா இருக்கக் கூடாது" என்றார். பெயின்டுக்கு அடியில் இருப்பது பழைய இரும்புதான் என்று நான் மூச்சு வாங்க விளக்கினேன். மனிதர் அசையவில்லை.

கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே நாற்காலிகளை ஏற்றச் சொன்னதற்குக் காரணம் நான் இல்லை. சாமான் ஏற்றும் எங்கள் குட்டியானை வண்டியை ஓட்டும் பாபு நடுவில் வந்து சொன்னது இது: "சார், நீ புதுசா ஒண்ணு வாங்கி மாடில போடு. நல்லா மழைல நனைஞ்சப்புறம் எங்களாண்ட எட்த்துக்கினு வா, நாங்களே வாங்கிக்கிறோம்."

விமானத்துக்கு அடியில்

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் ஒரு தம்பதி, இருவரும் ஆசிரியர்கள். மொட்டைமாடிக்கு இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு வட்ட மேஜை. இறக்கி வைத்து நிமிர்வதற்குள் தலைக்கு மேலே விமானம், சக்கரம்கூடத் தெரிந்தது. டீச்சரம்மா என்னவோ சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சுற்றிலும் தொட்டிகளில் மல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை. அவ்வளவு அழகான மாடி.

"இந்தச் சத்தத்துல எப்படி மேடம் உக்காந்து பேசுவீங்க?" என்று கேட்டேன். கணவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா சொன்னார்: "அதுக்குத்தாங்க இங்க போடறதே. ப்ளேன் வந்தா சண்டை பாதியில நின்னுடும். போனப்புறம் எங்க விட்டோம்னு ரெண்டு பேருக்குமே ஞாபகம் இருக்காது."

கனமான பெஞ்சு

முடிச்சூர் லட்சுமி அக்கா அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். இப்போது மளிகைக் கடையும் வாடகை வீடுகளும். வாசல் தோட்டத்துக்கு பெஞ்சு கேட்டார். ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்ததையெல்லாம் வேண்டாம் என்றார். கடைசியில் மூலையில் கிடந்த வார்ப்பிரும்பு பெஞ்சைப் பிடித்தார். அதை ஏற்றி இறக்குவதற்குள் பாபுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. போதாததற்கு, கால்களைச் சிமென்ட் போட்டு இறுக்கினார். "பெஞ்சு என்னக்கா, ஓடியா போயிடும்?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு சட்டி சிமென்டைக் கொட்டினார்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பித் தெருவெல்லாம் வெள்ளம். அக்கா போனை எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் பாபுவும் நானும் ஓடினோம்.

பெஞ்சு சேறு பூசிக்கொண்டு அதே இடத்தில் நின்றது. அதன் கையிலிருந்து எதிரே இருந்த அக்காவின் வாடகை வீட்டுத் தூண்வரை ஒரு தாம்புக்கயிறு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைக் கட்டியது அக்காதான். வாடகைக்கு இருந்த அத்தனை குடும்பமும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே அவர் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவர் தன் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு. அக்கா துடைப்பத்தால் சேற்றைத் தள்ளியபடி சொன்னார்: "லேசா ஒண்ணு வாங்கியிருந்தா, இந்நேரம் அதையும் இல்ல தேடிக்கினு இருப்போம்!"

கேட்டுக்கு வெளியே

சேலையூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே சுந்தரி மேடம் என்று ஒரு ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். பொதுத் தோட்டத்துக்காக ஒரு பச்சை பெஞ்சு வாங்கிப்போனார். பழைய சாமான் உள்ளே வரக்கூடாது என்றார் சங்கச் செயலாளர். மேடம் சண்டை போடவில்லை. கேட்டுக்கு வெளியே புங்கமர நிழலில் போட்டுவிட்டார். கொரியர்காரர், பூக்கார அம்மா, தெரு கூட்டும் அக்காக்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். மேடமும் சாயங்காலம் அவர்களோடு.

ஒருநாள் அந்தச் செயலாளர் என் கடைக்கே வந்து நின்றார். புகார்தான் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "மேடம் பெஞ்சுல எனக்கு இடமே கிடைக்கலம்மா. அதே மாதிரி இன்னொண்ணு இருக்குமா?"

இத்தனை பேரை வெளியே காற்றாட உட்காரவைத்த என் வீட்டு வாசலில் கிடப்பது என்னவோ, கால் வளைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான்.