போட்டவர் யார், எடுத்தவர் யார்

செக்கரம்மாவுக்கு அந்த உணவகத்தை வாசலிலேயே பிடிக்காமல் போனது. கதவு எது, சுவர் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே கறுப்புக் கண்ணாடி. சாப்பிட வருகிறவர்களைத் திண்டாட வைப்பதில் இவர்களுக்கு என்ன சந்தோஷமோ. அவள் கணவர்தான் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்துத் தள்ளி, அவள் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக, அதாவது செக்கராக, இருபத்தெட்டு வருஷம் ஏறி இறங்கியவள் அவள்; பேரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான். டிக்கெட் வாங்காதவன் திடீரென்று ஜன்னல் வழியாக வானத்தை ரசிப்பான், இல்லாவிட்டால் செத்தவன் மாதிரி தூங்குவான். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி வைக்கத் தெரியவில்லை என்பதுதான் கோளாறு. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், பால்காரர், எல்லாரையும் அப்படியே பார்த்தாள். உலகத்தில் பாதிப் பேர் அடுத்தவன் காசில் ஓசிப் பயணம் போகிறவர்கள் என்பது அவள் கட்சி.

கணவர் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறவர். வாயில்லாப் பூச்சி. அவரிடம் இருந்ததே ஒரே ஒரு வசனம்தான். "பரவால்ல, நீ சாப்பிடு." சாப்பாட்டுக்கு மட்டும் என்றில்லை. மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள கட்டில், பேப்பரின் முதல் பக்கம், காலை நேரத்துக் குளியலறை, எல்லாவற்றுக்கும் அதே பரவால்லதான். அவள் அதை அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்தாள். நினைத்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

பிசியோதெரபிஸ்டாக இருக்கும் ஒரே மகள், தனக்கு மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டாள். பையனுக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை. இரு வீட்டாரும் இன்று சேர்ந்து சாப்பிட்டுக் கல்யாணத் தேதியைக் குறிப்பதாகப் பேச்சு. "வேணாம்னு சொல்றதுன்னா காரணம் சொல்லணும்மா. எனக்குப் பிடிக்கலங்கறது காரணம் இல்ல," என்று மகள் கறாராகச் சொல்லியிருந்தாள். அந்தக் காரணத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் செக்கரம்மா வந்திருந்தாள்.

மகளும் மாப்பிள்ளைப் பையனும் அவன் அம்மாவும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பையன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். பல் வரிசை நன்றாக இருந்தது. அதில் குற்றம் சொல்ல வழியில்லை என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

முதலில் டிம் சம் என்ற சீனக் கொழுக்கட்டை வந்தது. மூங்கில் கூடையைத் திறந்தால் ஆவிதான் அதிகம். ஆவி கலைந்ததும் ஓரத்தில் மூன்று உருண்டைகள், உள்ளே இருக்கும் இறால் வெளியே தெரிகிற மெல்லிய மாவில். ஆள் ஐந்து, உருண்டை மூன்று.

"இதோட ஸ்பெஷலே அந்த மாவுதான் ஆன்ட்டி. உள்ள இருக்கறது வெளிய தெரியணும்," என்றான் பையன்.

"மனுஷங்களையும் அப்படிச் செஞ்சா எனக்கு வேலை மிச்சம் தம்பி," என்றாள் செக்கரம்மா.

பையனின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு உருண்டையை எடுத்து மகன் தட்டில் வைத்தாள். இன்னொன்று கணவரின் கைக்கு வந்து, அங்கிருந்து வழக்கம்போல் செக்கரம்மாவின் தட்டுக்கு வந்தது. "பரவால்ல, நீ சாப்பிடு."

பிறகு கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் எல்லார் கழுத்திலும் ஏப்ரன் மாட்டிவிட்டான். மேஜை நடுவில் அடுப்பு. அதன் மேல் குறுக்கே தடுப்பு வைத்த பாத்திரம், ஒரு பக்கம் மிளகாய் மிதக்கும் சிவப்பு ரசம், மறுபக்கம் வெள்ளை ரசம். சுற்றிலும் பச்சை மீன் துண்டு, இறால், காகிதம் மாதிரி சீவிய இறைச்சி, காளான், கீரை. எடுத்துச் சாப்பிட ஆளுக்கு இரண்டு நீளக் குச்சி, ஒரு கரண்டி.

"இதை யாரு சமைப்பாங்க?"

"நாமதான் ஆன்ட்டி. வேணுங்கறதைப் போட்டு, வெந்ததும் எடுத்துக்க வேண்டியதுதான். அதான் ஹாட் பாட்."

சமைக்கவும் மாட்டார்களாம், பரிமாறவும் மாட்டார்களாம், காசை மட்டும் இடுப்பை ஒடிக்கிற மாதிரி வாங்குவார்களாம். பயணியையே பேருந்தை ஓட்டச் சொல்லி, அவனிடமே டிக்கெட்டும் கேட்கிற கம்பெனி இது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பாத்திரத்தின் அருமை அவளுக்குப் புரிந்தது. வீட்டுச் சமையலறையில் யார் என்ன செய்தார் என்பது மறைந்துவிடும். இங்கே எல்லாம் கண்ணெதிரே நடந்தது. யார் போடுகிறார், யார் எடுக்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

மகள் மீனைப் போட்டாள். பையன் எடுத்தான். மகள் இறைச்சியைப் போட்டாள், அது நிறம் மாறக் காத்திருந்தாள். பையன் ஏதோ விளம்பரக் கதை சொல்லிக்கொண்டே அதையும் அள்ளிக்கொண்டான். மகளின் கிண்ணத்தில் கீரைத் தண்டு மட்டும் கிடந்தது. பையன் ஒரு தடவைகூட எதையும் போடவில்லை. தூங்குகிற பயணியின் அதே சாந்தமான முகம்.

மாட்டினாயா, என்று செக்கரம்மாவின் மனசு குதித்தது. மகளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அங்கே குழாய் எது என்று தெரியவில்லை. வழவழவென்று ஒரு கறுப்புக் கல், அவ்வளவுதான். பின்னால் வந்த மகள் கையை நீட்டிக் காட்ட, தண்ணீர் கொட்டியது.

"அந்தத் தம்பி ஒரு இலையாவது போட்டானா? எல்லாம் நீ போட்டது. உக்காந்த இடத்துல முழுங்கறான். காரணம் கேட்டியே, இந்தா காரணம்."

"பாத்தேம்மா."

"பாத்துட்டுமா சும்மா இருந்தே?"

மகள் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ என்னம்மா போட்டே?"

"என்னது?"

"உன் கிண்ணத்துல இருந்தது எல்லாமே அப்பா போட்டது. நீ கேக்கவும் இல்ல, அவர் சொல்லவும் இல்ல. அதே மாதிரிதானே இவரும்? எனக்கு அது தப்பாவே தெரியலம்மா. நம்ம வீட்ல எப்பவும் அப்படித்தானே."

"எனக்கு அந்தக் குச்சி பிடிக்கத் தெரியாதுடி."

"கரண்டி இருந்துச்சே."

டிக்கெட் இல்லாதவன் ஒவ்வொருவனிடமும் ஒரு காரணம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா. சில்லறை இல்லை, கூட்டம், கண்டக்டர் இந்தப் பக்கம் வரவே இல்லை. அவற்றை எத்தனை இளக்காரமாகக் கேட்டிருக்கிறாள். இப்போது கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் கரண்டியை எடுத்தாள். நல்லதாக ஒரு மீன் துண்டைப் பார்த்து, மகளுக்கென்று வெள்ளை ரசத்தில் விட்டாள். அது கரண்டியிலிருந்து நழுவி மறுகரைக்கு மிதந்து போய் வெந்தது. பையன் பேச்சை நிறுத்தாமலே அதைக் குச்சியால் தூக்கினான்.

"தம்பி, அது என் பொண்ணுக்குப் போட்டது."

பையன் திருதிருவென்று விழித்தான். "சாரி ஆன்ட்டி, கவனிக்கல," என்று மீனை மகள் பக்கம் நீட்டினான்.

"பரவால்ல, நீங்க சாப்பிடுங்க," என்றாள் மகள்.

அதே குரல். அதே இழுவை. செக்கரம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. திரும்பிப் பார்த்தாள். கணவரின் கை அந்தரத்தில் நின்றிருந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. குச்சிகளைக் கீழே வைத்தார்.

"பரவால்லன்னு சொல்லாதம்மா," என்றார் மகளிடம், மெதுவாக.

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காளான் தட்டைப் பையன் முன்னால் நகர்த்தினாள். "எனக்குக் காளான் வேணும். நீங்க போட்டுக் குடுங்க."

பையன் தட்டைப் பார்த்தான். பாத்திரத்தைப் பார்த்தான். பாவம், கெட்டவன் இல்லை. எந்த ரசத்தில் போடுவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. "அம்மா, இது எதுல போடணும்?"

அவன் அம்மா அதற்குள் எழுந்துவிட்டாள். "நீ விடு கண்ணா, சூடு பட்டுடும். குடு, நான் போடறேன்."

காளான் ஒவ்வொன்றாக ரசத்தில் விழுந்தது. வெந்ததும் முதல் கரண்டி மகன் கிண்ணத்துக்குத்தான் போனது. மகள் அதைக் கடைசிவரை பார்த்தாள்.

"தேதி இன்னிக்குப் பேச வேணாம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் கொஞ்சம் யோசிக்கணும்."

பையனின் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. செக்கரம்மா ஜெயித்துவிட்டாள். வந்த காரியம் நடந்துவிட்டது. ஆனாலும் ஆளைப் பிடித்த அந்தப் பழைய குஷி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கரண்டியில் ஒரு இறாலை எடுத்து, இந்த முறை நழுவ விடாமல் ரசத்தில் முக்கிப் பிடித்திருந்துவிட்டு, கணவரின் கிண்ணத்தில் வைத்தாள்.

"பரவால்ல, நீ..."

"பேசாம சாப்பிடுங்க."

அவர் ஒரு கடி கடித்தார். மென்றார். அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"வேகல," என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்ன முதல் குறை அது. அவள் கிண்ணத்தை வாங்கி, மிச்ச இறாலை மறுபடியும் ரசத்தில் போட்டாள்.