பாட்டில்லாத குழு

அந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் அவரை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்காலம் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில், காதில் ஹெட்செட்டோடு வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் ஓயவில்லை. எதிரில் இருப்பவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார். அதை உதவி என்றும் சொல்லலாம், அடுத்தவரை முடிக்க விடாத அவசரம் என்றும் சொல்லலாம். அவரிடம் இரண்டும் கலந்தே இருந்தன.

அதே அறையில் அவரோடு இருந்தவர் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. தலை முழுக்க நரைத்த பிறகும் குடும்பத்தில் அவர் பெயர் பாப்பா. ஆபரேட்டரின் கணவர் இறந்த பின் இருவரும் சேர்ந்தே இங்கே வந்தார்கள். கல்யாணமான புதிதில் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சே கிடையாது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. அந்த அறையைக் கடந்து போகிறவர்கள் மட்டும் நம்புவார்கள்.

"அண்ணி, ஃபேனைக் குறைங்க. பறந்துடப் போறேன்."

"பறக்கிற உடம்பா அது?"

சில மாதங்களாகப் பாப்பாவுக்கு மறதி. குழாயைத் திறந்துவிட்டு வந்துவிடுவார். சாப்பிட்டு முடித்த கையோடு மறுபடி சாப்பாட்டுக் கூடத்துக்குக் கிளம்புவார். நர்ஸ் ஏதாவது கேட்டால், பாப்பா வாயைத் திறக்கும் முன் ஆபரேட்டர் பதில் சொல்லிவிடுவார். கீழ்த்தளம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு. முடியாதவர்களை மேல்மாடிக்கு மாற்றிவிடுவார்கள். பாப்பா மேலே போனால் இருவரும் பிரிய வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் உளவியல் படிக்கும் மாணவி ஒருத்தி வந்தாள். பாட்டுக் கேட்டால் முதியவர்களின் நினைவாற்றல் கூடுகிறதா என்பது அவளுடைய ஆய்வு. ஒரு குழுவுக்குத் தினமும் பழைய பாட்டுகள். இன்னொரு குழுவுக்குப் பாட்டே கிடையாது, செடி வளர்ப்பதைப் பற்றி யாரோ பேசிய பதிவு மட்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் சில சொற்களைப் படித்துக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வாள். எல்லோருக்கும் அதே சொற்கள், எல்லா வாரமும் அவையே. அது அவளுடைய அனுபவக் குறைவு. ஆபரேட்டர் பாட்டுக் குழுவில் சேர்ந்தார். பாப்பாவுக்குச் செடிதான்.

"எனக்கு மட்டும் உரம் போடுறதைப் பத்திப் பேசுறான் அண்ணி. நான் என்ன கத்திரிக்காயா?"

முதல் சோதனையில் பாப்பா இரண்டு சொற்களோடு நின்றுவிட்டார். மாணவி சிரித்த முகத்தோடு மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டாள். அது நேராக நர்ஸிடம் போகும் என்று ஆபரேட்டர் முடிவு கட்டிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அன்று மாலையே அந்தச் சொற்களை ஒரு தாலாட்டு மெட்டில் கட்டினார்.

"குடையும் கதவும் கோழியும் ரயிலும்..."

பாப்பாவுக்குத் தலை வாரும்போது பாடினார், துணி மடிக்கும்போது பாடினார். பாப்பாவோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் பாட்டில்லாத குழுக்காரர்கள். செடிக்கு இது தேவலை என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பாட்டில்லாத குழு கிடுகிடுவென்று முன்னேறியது. பாட்டுக் குழு இருந்த இடத்திலேயே இருந்தது. மாணவி தன் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரிடம் கேட்டாள்.

"சார், ஏன் எல்லாரும் ரயில்னு சொன்னதும் நிறுத்தி மூச்சு விடுறீங்க?"

"மெட்டு அங்கதானேம்மா முடியுது?" என்றார் அவர், தொடையில் போட்ட தாளத்தை நிறுத்தாமல்.

மாணவி நேரே அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, என் ஆய்வே போச்சு."

"கோவிச்சுக்காதே கண்ணு. மார்க் குறைஞ்சா இவளை மேல அனுப்பிடுவாங்கல்ல?"

"ஐயோ, இது யாருக்கும் போகாது ஆன்ட்டி. முதல் நாளே சொன்னேனே!"

"சொன்னே. ஆபீஸ்னா எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க."

பாப்பா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அண்ணி, இந்தப் பொண்ணு யாரு?"

வாரக்கணக்காக வந்துபோகிறவள் அவள். ஆபரேட்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆனால் மாணவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பாப்பாவே தேடிப் பிடிக்கட்டும் என்று முதல்முறையாகக் காத்திருந்தார். பாப்பா நெற்றியைச் சுருக்கித் தேடினார். குடையும் கோழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்தான் எட்டவில்லை.

"இவ்வளவு தூரமாயிடுச்சா," என்றார் ஆபரேட்டர், யாரிடம் என்றில்லாமல்.

மாணவி வேறோர் இல்லத்தில் ஆய்வை முதலிலிருந்து தொடங்கினாள். ஆபரேட்டர் மறுநாள் காலை நர்ஸிடம் போய், குழாய், சாப்பாடு என்று மறைத்ததையெல்லாம் சொன்னார். கூடவே தன்னையும் மேல்மாடிக்கு மாற்றச் சொன்னார்.

"நீங்க எதுக்கும்மா? உங்களுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. அவளுக்குத் துணைக்கு ஆள் வேணும், எனக்குச் சண்டைக்கு ஆள் வேணும்."

இதைத் தியாகம் என்று சொல்லத் தோன்றவில்லை. தியாகம் செய்கிறவர்கள் இவ்வளவு பேரம் பேசமாட்டார்கள். இரண்டு கட்டில் போடுகிற அறைதான் வேண்டும், காலையில் தோட்டத்துக்கு இறங்கிவர யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன், டீயில் சர்க்கரையைக் குறைக்கக் கூடாது என்று நிர்வாகியை ஒரு வாரம் பாடாய்ப் படுத்தித்தான் சம்மதம் வாங்கினார்.

மாறிப்போன அன்று பாப்பா புது அறையைச் சுற்றிப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தவரைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"எங்க போனாலும் பின்னாலயே வந்துடுவீங்களா அண்ணி?"

"வேற வேலை இல்ல பாரு எனக்கு. நகரு, பெட்டியை வைக்கணும்."