கப்பல் விருந்துக்கு ஒரு வெள்ளைச் சேலை

கப்பலில் இரண்டாம் நாள் இரவு விருந்துக்கு எல்லோரும் வெள்ளை உடையில் வர வேண்டும் என்று பெயிண்ட் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். கடையில் ஆள் இல்லாத மதிய நேரம். மலையாளத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். கீழே நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தேன்.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் எங்களுக்கு ஒரு பெயிண்ட் கடை இருக்கிறது. என் கணவர் தொடங்கியது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் கடையைப் பார்த்தார், நான் வீட்டைப் பார்த்தேன். அவர் போன பிறகு கடையை மூட மனமில்லாமல் நானே போய் உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு செய்ய முடியாத வேலை ஒன்றும் இல்லை அது. ஐ.டி. பார்க்கைச் சுற்றி முழுக்க வாடகை பிளாட்டுகள். ஒரு குடும்பம் காலி செய்துவிட்டுப் போனால் அடுத்தது வருவதற்குள் சுவருக்கு வெள்ளை அடித்துவிடுவார்கள். என் கடையில் அதிகம் போவது வெள்ளைதான். ஷேட் கார்டில் வெள்ளைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் உண்டு. நாள் முழுக்க அதை விற்பேன். உடுத்த மாட்டேன்.

அவர் போன பதினாறாம் நாள் என் அண்ணன் கோடி எடுத்து வந்தார். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரும் புதுச் சேலையை எங்கள் பக்கம் கோடி என்போம். அண்ணனுக்கு என்மேல் பாசம் உண்டு. அதனால் சுத்த வெள்ளையாக எடுக்காமல் சந்தன நிறத்தில் கோடு போட்ட வெள்ளையாகப் பார்த்து எடுத்திருந்தார். மதினி அதை என் தோளில் போட்டுவிட்டு, “இப்பம் யாருட்டீ இதெல்லாம் பாக்கா, ஒரு முறைக்குத்தான்” என்றாள். அதில் மஞ்சள் வைத்திருக்கவில்லை. புதுத் துணி எதுவானாலும் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் நாங்கள் உடுத்துவோம். கோடிக்கு மட்டும் அது கிடையாது.

 எல்லோரும் போன பிறகு அதைக் கவரிலேயே மடித்துப் போட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். கடை திறந்த அன்று பழைய மெரூன் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மதினி போனில், “சனங்க என்ன சொல்லும்?” என்று கேட்டாள். “கடையில பெயிண்ட் படும் மதினி, வெள்ளை சரிவராது” என்றேன். என் வாழ்க்கையில் நான் பெரியவர்களை மீறிச் செய்தது அது ஒன்றுதான். அதையும் பெயிண்டின்மேல் பழியைப் போட்டுத்தான் செய்தேன்.

அதற்குப் பிறகு புதுச் சேலை எதுவும் எடுக்கவில்லை. இருப்பதே போதும் என்று விட்டுவிட்டேன். இருக்கும் சேலைகள் ஒவ்வொன்றிலும் முந்தியின் கீழ் மூலையில் வெளிறிய மஞ்சள் பொட்டு ஒன்று இருக்கும். அது என் கணவர் வைத்தது. எனக்கு மறந்துபோகும், அவருக்கு மறக்காது. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, தண்ணீர் தொட்ட கட்டைவிரலை மஞ்சள்பொடியில் அழுத்தி அப்படியே சேலையில் வைப்பார். சின்னதாக வைக்க அவருக்குத் தெரியாது.

“இம்புட்டு பெருசா வச்சா ஊருக்கே தெரியுமே” என்பேன்.

“தெரியட்டும். புதுசுதான, திருடுனதா?” என்பார்.

நன்றாக விற்ற கடைகளுக்குக் கம்பெனி பரிசாகத் தரும் கப்பல் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஏரியா மேனேஜரே கடைக்கு வந்தார். என் வயதை ஒட்டிய மலையாளி. தமிழர்களிடம் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதமாகப் பேசுவார்.

“சேச்சி, நம்ம கடைக்கு கப்பல் அடிச்சு, கேட்டோ. கொச்சியிலேந்து ரெண்டு ராத்திரி. ரெண்டு பேருக்கு போகாம்.”

“ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போவேன்?”

“மோளைக் கூட்டிட்டு வா.”

“அவ பூனாவுல இருக்கா. பிள்ளைக்குப் பரீட்சை.”

“எங்கிலும் சேச்சி வரணும். எல்லா டீலர் மீட்டிங்குக்கும் வந்து, கையெழுத்துப் போட்டு, பையை வாங்கிட்டு, ஊணு ஆகும்போ ஆளைக் காணாது. நடுக்கடல்ல எங்க ஓடும்னு நான் பார்க்கட்டே.”

அவர் சொன்னது உண்மை. ஓட்டல்களில் நடக்கும் அந்த மீட்டிங்குகளில் பேச்சு முடிந்து சாப்பாட்டு அறையைத் திறக்கும்போது நான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பேன். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே ஒற்றைத் தட்டோடு எங்கே போய் உட்காருவது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த முறை போக வேண்டும் என்று இருந்தது. கடையை விட்டால் வீடு. வீட்டில் பேச ஆள் கிடையாது. சனிக்கிழமை மாலை கடையில் யாரிடமாவது “ரோலர் வேணுமா?” என்று கேட்டுவிட்டு வந்தேனென்றால், திங்கள் காலை வரை அதுதான் நான் பேசிய கடைசி வார்த்தையாக இருக்கும். கடலுக்குள்ளே போய் ஒரு வேளையாவது நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று சரி சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் வெள்ளை உடைச் செய்தி வந்தது.

வெள்ளையில் போனால், அன்றைக்கு மடித்து வைத்ததை இன்றைக்கு நானே எடுத்து உடுத்திக்கொண்டதுபோல் ஆகும். கலரில் போனால் அத்தனை வெள்ளைக்கு நடுவே நான் ஒருத்தி மட்டும் தெரிவேன். இரண்டில் எது மோசம் என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. மகளிடம் போனில் சொன்னேன்.

“அம்மா, நீ எந்த ஊர்ல இருக்க? திருவனந்தபுரத்துல இருந்துக்கிட்டு வெள்ளைக்கு யோசிக்கியே. ஓணத்துக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்ன உடுப்பாங்க?”

“அவங்களுக்கு அது விசேஷத்துக்கு உள்ளது.”

“அப்ப உனக்கும் விசேஷம்னு வச்சுக்கோ. நல்ல கசவுச் சேலையா எடு.”

“உனக்கு வாய்க்கு லேசா வருது.”

“சரி, செவப்புல போ. கப்பல்ல எமர்ஜென்சி லைட்டுன்னு நெனச்சுக்கிடுவாங்க.”

போனில் இரண்டு பேரும் சிரித்தோம். அவள் வைத்த பிறகு வீடு இன்னும் அமைதியாக இருந்தது.

சாலை பஜாரில் போய்ப் பொன் கரை போட்ட கசவுச் சேலை ஒன்று எடுத்தேன். இந்த ஊரில் கல்யாணத்துக்கே அதை உடுத்துகிறார்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒன்று கூட இருந்ததில்லை. கடைப் பெண், “ஓணத்துக்கு இப்பவே எடுக்குதா சேச்சி?” என்று கேட்டாள். கப்பலுக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆமாம் என்றேன்.

புறப்படும் காலையில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டும் நின்றேன். அவர் போன பிறகு வரும் முதல் புதுத் துணி. நானே மஞ்சள் வைக்கலாமா, கூடாதா என்று கேட்க யாரும் இல்லை. மதினியிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியை மூடினேன். கசவுச் சேலையோடு பழைய மெரூன் சேலையையும் பையில் வைத்துக்கொண்டேன்.

கப்பலில் தனியாக வந்த பெண்கள் இரண்டே பேர்தான் என்பதால் ஒரே அறையைக் கொடுத்திருந்தார்கள். மற்றவள் பாறசாலைக்காரி, ஹார்டுவேர் கடை, என்னைவிடச் சின்னவள். வீட்டில் தமிழ்தான். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள் என்பதால் கழுத்திலும் காதிலும் ஒன்றும் இல்லை. வரும்போதே வெள்ளைச் சேலைதான்.

“எங்க வீட்டாளு, கப்பல்ல பாட்டும் ஆட்டமும் இருக்கும்னு கேட்டதும் ஜெபக் கூட்டத்துக்குப் போயிட்டாரு அக்கா. நான் சாப்பாடு இருக்கும்னு கேட்டு வந்துட்டேன்” என்றாள். பிறகு, “நாளைக்கு உடுக்க என்ன கொண்டுவந்தீங்க?”

“ரெண்டு இருக்கு. தீர்மானிக்கல.”

“எனக்கு அந்தக் கவலையே இல்ல. வருஷம் முழுக்க எனக்குக் கப்பல் டின்னர்தான்.”

முதல் நாள் உடைக்கு விதி எதுவும் இல்லை. கப்பலின் மேல் தளத்தில் அவளோடு போய் நின்றுகொண்டே சாப்பிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். நாளைக்கும் இவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், எதைக் கட்டினாலும் ஒப்பேற்றிவிடலாம் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் மதியத்துக்கு மேல் கப்பல் ஆடத் தொடங்கியது. மாலையில் அவள் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள்.

“நானும் போகல. உனக்குத் துணைக்கு இருக்கேன்” என்றேன்.

“எனக்குத் துணைக்கு இந்த பக்கெட்டு இருக்கு. நீங்க போங்க அக்கா. வரும்போ ஒரு ரொட்டி கொண்டாங்க, அது மதி.”

இரண்டு சேலைகளையும் கட்டிலில் விரித்து வைத்தேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். “செவப்பு கட்டினா எல்லாரும் நோக்கும்.”

“வெள்ளை கட்டினா?”

“ஆரும் நோக்க மாட்டாங்க.”

அவளுக்கு என் கதை தெரியாது. ஆனாலும் அந்தப் பேச்சில்தான் முடிவானது. எனக்கு அந்தச் சேலையைக் கட்டிவிட்டது துணிச்சல் இல்லை, கூச்சம்தான். கஞ்சி மொடமொடப்போடு மடிப்பு நிற்காமல் விறைத்தது. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். தோளில் பொன் கரை மின்னியது. இருந்தாலும் முகத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, மதினி தோளில் போட்ட அந்தச் சேலைதான் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

விருந்து மண்டபத்தின் வாசலில் போட்டோ எடுப்பவன் ஒவ்வொரு ஜோடியையும் நிறுத்திக்கொண்டிருந்தான். ஒரு பெரிய குடும்பத்துக்குப் பின்னால் நுழைந்து அவனைத் தாண்டினேன். உள்ளே கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. ஆண்கள் முண்டும் சட்டையும், பெண்கள் கசவும் தலை நிறையப் பூவும். ஷேட் கார்டின் அந்தப் பக்கத்தை அப்படியே விரித்து வைத்ததுபோல் இருந்தது. வட்ட மேசை ஒன்றில் ஓரமாக உட்கார்ந்தேன். என் இடது பக்கம் ஒரு நாற்காலி காலி.

பரிமாறுகிறவர் வடக்கத்திக்காரர். காலி நாற்காலியைக் காட்டி, “கமிங்?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் தட்டையும் டம்ளரையும் எல்லோர் முன்னாலும் எடுத்துக்கொண்டு போவார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று, வருவார் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டேன். அவர் அந்த டம்ளரிலும் தண்ணீர் ஊற்றி, தட்டில் ஒரு சின்ன ரொட்டியும் வைத்துவிட்டுப் போனார்.

காலி நாற்காலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் பக்கம் சாய்ந்தாள். “ஹஸ்பண்ட் முறியில கிடக்குதோ? எங்க ஆளும் சாயங்காலம் வரை கிடப்புதான். கடல் எல்லாருக்கும் பிடிக்காது” என்றாள்.

நான் அதற்கும் தலையை ஆட்டினேன்.

அந்த மேசையில் எனக்கு ஒரு கணவர் இருந்தார். கடல் ஒத்துக்கொள்ளாமல் கீழே அறையில் படுத்திருந்தார். என் சேலையைப் பார்த்து யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பார்த்ததும் சொல்லிவிடும் வெள்ளை, இங்கே ஒன்றுமே சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பரிமாறுகிறவர் வரும்போதெல்லாம் அந்தத் தொடாத டம்ளரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். நானும் பார்த்தேன். என் கணவர் இறந்துபோன வீட்டில் தனியாகச் சாப்பிடும்போது கூட அவர் இல்லை என்பது அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை.

சின்னக் கிண்ணத்தில் பருப்பு வந்தது. நல்ல மஞ்சள். அதைப் பார்த்ததும், முந்தின நாள் காலையில் மூடிவிட்டு வந்த அஞ்சறைப் பெட்டி நினைவுக்கு வந்தது. என் உடம்பில் இருந்தது புதுத் துணி, மூலையில் மஞ்சள் இல்லாத துணி. அதனால்தான் அது கோடி மாதிரி இருந்தது. மேசையில் எல்லோரும் ஏதோ வேடிக்கைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டைவிரலைப் பருப்பில் தொட்டு, மேசை விரிப்புக்கு அடியில் கையை இறக்கி, முந்தியின் கீழ் மூலையைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். விரல் பதியும் வரை அழுத்தினேன்.

பிறகு சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். ஐஸ்கிரீம் வரை இருந்தேன். பரிமாறுகிறவர் மறுபடி வந்தபோது காலி இடத்தைக் காட்டி, “நோ கமிங்” என்றேன். அந்தத் தட்டிலிருந்த ரொட்டியை மட்டும் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டேன். அவர் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பெண், “பாவம், உறங்கட்டும்” என்றாள்.

“ஆமா” என்றேன்.

அறையில் பாறசாலைக்காரி எழுந்து உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே நான் சேலையை மடிப்பதைப் பார்த்தவள், “அக்கா, புதுச் சேலையில கறி பட்டிருக்கு. இப்பவே சோப்பு போட்டு அலசுங்க. மஞ்சளாக்கும், பெறகு போகாது” என்றாள்.

“போகாதா?”

“போகவே போகாது.”

“அப்ப கெடக்கட்டும்” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வயிறு மறுபடி புரட்டவே திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்து துவைத்த பிறகும் அது போகவில்லை. அவர் வைப்பதுபோல் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. கசவுச் சேலையை மற்ற சேலைகளோடு சேர்த்து மேல்தட்டில் வைத்தேன். திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் மேனேஜர் போன் செய்தார்.

“சேச்சி, இந்தத் தடவையாவது ஊணு கழிச்சோ?”

“சாப்பிட்டேன்” என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதற்குள் ஒருவர் வந்து நின்று, மூன்றாம் மாடி பிளாட்டுக்கு வெள்ளை வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டு ஷேட் கார்டை எடுத்தேன்.