தாரணி மடியில் இருக்கவில்லை

போன ஆவணியில் கனடா விசா வந்தபோது நான் சந்தோஷப்படவில்லை. பயந்தேன். என் மனைவி சுகன்யா அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். ஒன்றரை வயது மகள் தாரணியை நான் தனியாக அவளிடம் கொண்டுபோக வேண்டும். வன்னியில் ஜெயபுரத்தில் வயல் செய்துகொண்டிருந்தவன் நான். விமானத்தை வானத்தில் பார்த்ததோடு சரி.

"ஆம்பிளை தனியக் கைக்குழந்தையோட போறதோ?" என்று சொந்தக்காரர் கேட்டார்கள். அடியார்களே, அன்று நம் அம்மன் கோயில் வாசலில் நின்று அழுதேன். மலையகத்திலிருந்து எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்த நாள்முதல் எங்களைக் காக்கிறவள் அவள். "தாயே, பிள்ளையைப் பத்திரமாச் சேர்க்க எனக்குப் புத்தியைக் குடு" என்று கேட்டேன்.

அந்த வாரமே சுகன்யா, பிள்ளைகளைக் காரில் இருத்தும் ஆசனம் ஒன்றை ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்து அனுப்பினாள். போனில் சொன்னாள்: "இஞ்சருங்கோ, மடியில வைக்க வேண்டாம். அவளுக்குத் தனி சீற் எடுத்திருக்கிறன், யன்னல் பக்கம். விமானத்திலயும் பாவிக்கலாம் எண்டு ஆசனத்தில லேபல் ஒட்டியிருக்கு. கேட்டா அதைக் காட்டுங்கோ."

வாடகை வான் ஓட்டும் என் நண்பன் றிஸ்வானின் வண்டியில் வைத்துப் பழகினேன். ஆசனத்தின் பின்பக்கத் துளை வழியால் இடுப்புப் பட்டியை விட்டுப் பூட்டி, முழங்காலால் அமத்தி இறுக்கி, ஆட்டிப் பார்க்க வேண்டும். "இன்னும் ஆடுது மச்சான், திரும்பப் போடு" என்பான் றிஸ்வான். பத்து நாளில் கண்ணை மூடிக்கொண்டு பூட்டினேன்.

முதல் விமானத்தில் பணிப்பெண் ஆசனத்தைப் பார்த்துத் தயங்கினார். லேபலைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வழியில் மாறி ஏறிய இரண்டாவது விமானத்தில்தான் சோதனை. சாப்பாடு கொடுக்கும் நேரம் தாரணி வீரிட்டு அழுதாள். இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள். பக்கத்தில் இருந்த வயதான அம்மா, "தம்பி, பாவம் பிள்ளை. கழட்டி மடியில வையுங்கோவன்" என்றார். என் கை பட்டியின் கொளுக்கிக்குப் போனது. கழற்றவும் மனமில்லை, அழுகையைப் பார்க்கவும் முடியவில்லை. "அம்மா தாயே, நீயே இவளை அமர்த்து" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிள்ளை என் விரலைப் பிடித்தாள். விக்கினாள். அப்படியே தூங்கிப்போனாள்.

கொஞ்ச நேரத்தில் விமானம் சட்டென்று கீழே விழுந்ததுபோல் இறங்கியது. சாப்பாட்டுத் தட்டுகள் மேலே பறந்தன. பட்டி போடாத ஒருவர் தலையை இடித்துக்கொண்டார். என் கைகள் தாமாகவே மேலே போயின. அந்தக் கைகளில் பிள்ளை இருந்திருந்தால்? ஆசனம் அசையவில்லை. தாரணி கண் விழிக்கவும் இல்லை.

அந்த அம்மா என் கையைப் பிடித்து அழுதார். "என்ர கதையைக் கேக்காமல் விட்டியளே ராசா." பணிப்பெண் வந்து, நான் பூட்டியிருந்த விதத்தைப் பார்த்து, "மிகச் சரி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வயல்காரன் பூட்டிய பூட்டு! அன்று நான் பட்ட பெருமையை எப்படிச் சொல்வேன்?

விமான நிலையத்தில் சுகன்யா பிள்ளையை வாங்கித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. "நீங்கள் கொண்டு வந்திட்டியள்" என்றாள். "நானில்லை, அம்மன்" என்றேன்.

இப்போது பிள்ளைகளோடு பயணம் போகும் நம் ஆட்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பூட்டிக் காட்டுகிறேன். அடியார்களே, பயம் வந்தால் அவளிடம் சொல்லுங்கள். நெஞ்சார நம்புங்கள். அவள் தரும் புத்தியைத் தட்டாமல் கேளுங்கள். நான் கேட்டேன். என் மகள் பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருக்கிறாள்.