பொதுவில் எழுத மறுத்த தேன்மொழி

கீழே லேத் பட்டறையிலிருந்து மாடியேறி வரும் அந்தச் சூடான ஆயில் வாசனை... அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பழைய ஆபீஸ் அறை. அறை என்று குறைத்துச் சொல்லக்கூடாது நண்பர்களே, சாம்ராஜ்யத்தின் தலைநகரம்!

அங்கே உட்கார்ந்துதான் சின்ன கிளினிக்குகள் பேஷண்டுகளின் ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொள்ள இலவச சாஃப்ட்வேர் ஒன்றை எழுதினேன். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். பூந்தமல்லி முதல் புளூட்டோ வரை ஓடியது.

சரி... ஆவடி வரை.

ஒருநாள் புராஜெக்டின் பொதுப் பக்கத்தில், முன்பின் தெரியாத தேன்மொழி என்ற பெண் எழுதினாள்: "அண்ணா, ஒரு செக்யூரிட்டி ஓட்டை இருக்கு. தனியா சொல்லணும். மெயில் ஐடி குடுங்க."

எனக்குள் இருந்த சக்கரவர்த்தி சிலிர்த்துக்கொண்டான். "ஓப்பன் சோர்ஸில் ரகசியம் ஏது தாயே? இங்கேயே எழுது!" என்று முழங்கினேன். அதற்கு லைக் வேறு விழுந்தது.

அவள் எழுதவில்லை. புராஜெக்ட் பக்கத்தில் போட்டிருந்த ஆபீஸ் முகவரியைப் பிடித்து, வேலப்பன்சாவடியிலிருந்து பஸ் மாறி நேரிலேயே வந்துவிட்டாள். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்ப்பவளாம்.

"நீங்க ஒடம்பு காட்டுற கிளினிக்ல குடுத்த சீட்டு நம்பர் சொல்லுங்கண்ணா."

சொன்னேன். பாஸ்வேர்டே கேட்காமல் என் ரத்தப் பரிசோதனை முடிவு திரையில் வந்து நின்றது. வீட்டில்கூட மறைத்து வைத்த சர்க்கரை!

"இன்னாம்மா இது, என் சுகர் நடுரோட்டுல கீது!"

"உங்களுது மட்டுமா? அத்தினி பேஷண்டோடதும் இப்டிதான் கீது. நான் அங்க எழுதிருந்தா, நீங்க சரி பண்றதுக்குள்ள எவனாச்சும் பூந்து வாரிகினு பூட்டிருப்பான்."

"அதுக்குன்னு இவ்ளோ தூரமா?"

"எங்க அம்மா ரிப்போர்ட்டும் அதுலதாண்ணா கீது..."

சக்கரவர்த்தி கிரீடத்தைக் கழற்றி வைத்தான்.

அன்றே திருத்த உட்கார்ந்தேன். "இன்னும் தொறக்குதுண்ணா" என்று திருப்பித் திருப்பி அனுப்பினாள். கடைசியில் ஓட்டை அடைபட்டது. பிறகு கிளினிக் கிளினிக்காகப் போன் போட்டு, புதிய வெர்ஷனுக்கு மாற்ற வைத்தோம். அதுவரை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லோரும் மாறிய பிறகுதான் ஓட்டையின் விவரத்தைப் பொதுவில் போட்டோம். 'கண்டுபிடித்தவர்: தேன்மொழி' என்று முதல் வரியிலேயே!

இப்போது எங்கள் புராஜெக்டில் ஓட்டைகளைத் தனியாகச் சொல்லவே ஒரு மெயில் ஐடி இருக்கிறது. எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள். "நீங்க சரி பண்ற வரைக்கும் வெளிய சொல்ல மாட்டோம்" என்கிறார்கள்.

அன்று ஆள் எதிரில் இருந்தாள், ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்க முடிந்தது. இன்று முகமே தெரிவதில்லை.

அதனால், சொன்ன ஓட்டை நிஜமா என்று பார்ப்பதற்கு முன்பே, 'நன்றி' என்று ஒரு வரி அனுப்பிவிடுகிறேன்.