தேங்காய்ப்பாலில் காய்ச்சிய ஓட்ஸ்

நான் பாடம் நடத்தும் ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது. பாதிப் படியில் யாரோ நெஞ்சில் கைவைத்து அமுக்கியதுபோல் இருக்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு ஐம்பது வயது. அப்பா ஐம்பத்தொன்றில் மாரடைப்பில் போனவர்.

நாகர்கோவிலில் பரிசோதித்தார்கள். இதயக் குழாய் ஒன்றில் லேசான அடைப்பு. கெட்ட கொழுப்பு (ரத்தக் குழாயின் சுவரில் படிவது) மிக அதிகம். டாக்டர் மாத்திரை எழுதினார். தினமும் ஓட்ஸ் சாப்பிடவும் சொன்னார். அதிலுள்ள கரையும் நார்ச்சத்து (தண்ணீரில் கூழாகும் நார்) குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றும். புதுப் பித்தநீர் உண்டாக்க, ஈரல் ரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக்கொள்ளும். அப்பாவைக் கொண்டுபோன நோயை ஒரு தானியத்தை வைத்து எதிர்க்கலாம் என்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

குவைத்திலிருந்து திரும்பியபின் அடுக்களையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் என் கணவர். அவர்தான் காய்ச்சித் தந்தார். மூன்று மாதம் ஒருநாள் விடாமல் குடித்தேன். மறுபடி பார்த்தபோது கொழுப்பு பேருக்குத்தான் இறங்கியிருந்தது.

“டீச்சரே, ஓட்ஸை எதுல காய்ச்சுவீங்க?” என்றார் டாக்டர்.

கணவர் முந்திக்கொண்டார். “தேங்காப்பாலுல. பின்ன, வெறும் வெள்ளத்துலயா குடிக்க முடியும்?”

எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்போம். தேங்காய் இல்லாமல் கஞ்சி விளம்புவது (பரிமாறுவது) அங்கே மரியாதைக்குறைவு. நார் ஒரு பக்கம் வெளியேற்ற, தேங்காய்ப்பாலின் கொழுப்பு மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அறிவியல் நடத்துகிற எனக்கு அது தோன்றவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் நோயாளி என்பதற்காக, தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ் பசையைக் குடிக்க நான் தயாராக இல்லை.

“வேற தானியம் சொல்லுங்க டாக்டர். இதை வெள்ளத்துல காய்ச்சி நான் குடிக்க மாட்டேன்.”

பார்லியிலும் அதே நார் உண்டு என்றார்.

முழுப் பார்லியை ஊறவைத்து வேகவிட்டு, வெண்ணெய் எடுத்த மோர் ஊற்றி, சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) காந்தாரி மிளகாயும் நசுக்கிப் போட்டோம். முதல் நாள் கணவர் தேங்காய்த் துருவலோடு வந்து நின்றார்.

“ஏட்டி, இத்திரி போல போடட்டா? கொஞ்சமே கொஞ்சம்.”

“போட்டா நீங்களே குடிச்சுக்கிடுங்க.”

அவர் போடவில்லை. அடுத்த பரிசோதனையில் கொழுப்பு நன்றாகவே இறங்கியிருந்தது. மாத்திரையை நான் நிறுத்தவில்லை. டாக்டரைக் கேட்காமல் நீங்களும் நிறுத்தாதீர்கள். ஆனால் தட்டின் முன்னால் பயந்துகொண்டு உட்காராதீர்கள்.

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. அப்பா பார்க்காத வயது. முன்பு பிறந்தநாள் வந்தால் இன்னும் எத்தனை மிச்சம் என்று நினைப்பேன். இப்போது ஒவ்வொரு நாளும் நான் பிடுங்கிக்கொண்ட நாளாகத் தெரிகிறது. படியேறும்போது நெஞ்சு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன்.

என் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருவதாகத் தலைமையாசிரியர் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு மாடியிலேயே இருக்கட்டும் என்றேன்.